சொல்லாமல் விட்ட வரி

ஆதார் மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து நல்லமுத்து சார் தன் வலது கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகை தேய்ந்துவிட்டதாம். ரேஷன் கடையில் மூன்று முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை, போய்ப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல், தேயாமல் என்ன செய்யும் என்று அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தார். முப்பத்து நாலு. அந்த எண் நினைப்பில் வந்து நின்றதும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இதே எண்ணைத்தான் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். முந்நூற்று எழுபத்தாறில் ரோமாபுரி தன் எல்லையைத் திறந்துவிட்டது, நானூற்றுப் பத்தில் ரோம் நகரமே சூறையாடப்பட்டது, நடுவில் எத்தனை வருஷம், முப்பத்து நாலே வருஷம், நம் திருப்பூருக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். ஊர் நலப் பேரவைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற ஒரு சரித்திர வாத்தியாருக்கு எழுந்து நின்று யார் கைதட்டுவார்கள்? பொன்னாடை நெஞ்சில் சரசரத்தது, காது மடல் சூடானது, இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாமா என்றுகூட நாக்கு துடித்தது. இன்றைக்கு வியாழக்கிழமை. அந்தச் சூடு காதில் அப்படியே இருக்கிறது, ஆனால் வேறு சூடாக மாறிவிட்டது. யாரோ பிடித்துத் திருகிய காது மாதிரி.

இரண்டே முக்கால் நிமிஷம் ஓடுகிறது அந்தப் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த வீடியோ. மனைவி கனகாம்பாள் அதைத் தன் அண்ணனுக்கு அனுப்பினாள், அண்ணன் நாலு பேருக்கு அனுப்பினான், அந்த நாலு பேர் ஊருக்கே அனுப்பியாயிற்று. அவரும் பார்த்தார். முதல் தடவை சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்தார். இரண்டாம் தடவை, ஒரு நிமிஷம் பத்தாவது விநாடியில், தன் கண் கீழே காகிதத்துக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்தார். வேறு யாருக்கும் அது தெரியாது. பேச்சாளர் குறிப்பைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த இடத்தில் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவரே பென்சிலால் எழுதிய வரி. கண் அதன்மேல் விழுந்தது, வாய் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. நேரம் போதவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நேரம் நிறைய இருந்தது. அவருக்குப் பிறகு பேச வேண்டியவர் வரவே இல்லை. அந்த வரி ஒன்றும் ரகசியமில்லை, கல்லூரிக் காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்ததுதான். எல்லையில் வந்து நின்றவர்கள் படையெடுத்து வரவில்லை. பின்னாலிருந்து குதிரைக்காரக் கூட்டமொன்று துரத்த, குஞ்சு குளுவானோடு தன்யூப் ஆற்றங்கரைக்கு ஓடிவந்து, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சிய சனம். அரசன் அனுமதி கொடுத்தான், சோறு போடச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவும் கொடுத்தான். அதிகாரிகள் சோற்றைப் பதுக்கினார்கள். முகாமில் பட்டினி வந்தது. அப்புறம் நாய்களைப் பிடித்துவந்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் என்று விலை வைத்து விற்றார்கள். நாயை வாங்கித் தின்றுவிட்டுச் சனங்கள் பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் அவர்கள் கையில் ஆயுதம் வந்தது. இதுதான் அந்த வரி. ஒரு நாய்க்கு ஒரு பிள்ளை. இதைச் சொல்லியிருந்தால் மண்டபத்தில் கைதட்டல் வந்திருக்குமா? வந்திருக்காது. அதற்காகத்தான் விட்டாயா என்று கேட்டுப் பார்த்தார். அதற்காகவும்தான். ‘அதற்காகவும்’ என்ற அந்த ‘உம்’மில் நினைப்பு போய் மாட்டிக்கொண்டது, முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும்.

“சார், இதுல பெரிய எழுத்துலதான் எழுதோணுங்களா?”

யார் கேட்டது என்று திரும்பினார். பக்கத்து நாற்காலியில் பத்துப் பதினோரு வயதுப் பெண், மாநகராட்சிப் பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை. அதற்கப்பால் அவள் அம்மா, இரண்டு பக்கமும் மூக்குத்தி, முழங்கைவரை பச்சை குத்தியவள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். சாயப்பட்டறையில் வேலை செய்பவள் என்று விரல் நகங்களின் நீலம் சொல்லியது. அம்மா ஏதோ வடக்கத்திப் பாஷையில் முணுமுணுக்க, பெண் அதே பாஷையில் பதில் சொல்லிவிட்டு மறுபடி இவரைப் பார்த்தாள். ஆமாம்மா, பெரிய எழுத்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்றார். வாத்தியார் குரல் தானாக வந்துவிட்டது. பேனாவை வாங்கிக்கொண்டார். பேர் என்ன? லிப்சா. பள்ளிக்கூடத்தில் பேர் ஒரு மாதிரி இருக்கிறது, ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது, அதைச் சரி பண்ணிவந்தால்தான் உதவித்தொகைக்குப் பேர் கொடுக்க முடியும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். ஆறாம் வகுப்பு. முகவரி சொந்த ஊருதா, இங்கே உள்ளதா என்று கேட்டார். “சொந்த ஊரு இல்லீங்க சார். ஒடிசாவுல கடலோரமா இருந்துச்சு, கடல் எடுத்துருச்சு. இப்ப லைன் வீடுதானுங்க.” பஸ் போய்விட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவர் கட்டம் கட்டமாக எழுதினார். இந்தத் தமிழை இவள் எங்கே கற்றாள்? ‘ங்க’ போடுகிறாள். ஒன்பது வயதில் இந்தப் பக்கம் வந்து, ‘என்னாங்க’ ‘ஏனுங்க’ என்று பேசிப் பழக அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை வாயைத் திறக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திறந்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு வரும், சிலோன்காரன் சிலோன்காரன் என்று பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அக்கரையில் கள்ளத்தோணி, இக்கரையில் சிலோன்காரன். கனகாம்பாளுக்குத் தெரிந்தவரை அவர் ஊட்டிப் பக்கத்துக்காரர். உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பெண் பார்க்கப் போன அன்று மாமனார் கேட்டார், கூடப் பிறந்தவங்க? இல்லீங்க. அந்த ‘இல்லீங்க’ எவ்வளவு சுத்தமாக வந்தது, கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் மயில்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பழைய மாணவன், இப்போது நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறான், கையில் பத்திருபது ஆதார் நகல்கள். அவரைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டான்.

“ஐயா, நீங்களா! ஞாயித்துக்கெழமைப் பேச்சு கேட்டனுங்க. புல்லரிச்சுப் போச்சு. கம்பெனி குரூப்புல போட்டுட்டனுங்க.”

“சரி சரி, உக்காருப்பா.”

“ரோம் கதையச் சொன்னீங்க பாருங்க, அதுதானுங்க. உள்ள உட்டாங்க, ஊரே போச்சு.” நாற்காலி வரிசையைத் தாடையால் காட்டினான். “இதா, இங்கயே பாருங்க, பாதிக்கு மேல இவிங்கதான். எங்கிட்டயே அறுவது பேர் இருக்கறானுங்க. வேற ஆளு கெடைக்கறதில்ல, என்னங்க பண்றது.”

மெதுவாகப் பேசு என்று சொல்ல வாயெடுத்தார். மெதுவாகப் பேசினால் மட்டும் அது வேறு பேச்சாகிவிடுமா? பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டிருந்த லிப்சாவின் கை நின்றுவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் மயில்சாமியைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, கணக்கில் ஒரு படி புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அந்தப் பார்வை. முப்பத்து நாலு வருஷம் அந்தப் பார்வைக்குத்தான் அவர் சம்பளம் வாங்கினார். அதை எதிர்கொள்ள முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. மையம் ஒரு மணிவரைதான். லிப்சாவின் டோக்கன் முப்பத்தெட்டு, அவருடையது நாற்பத்திரண்டு, உள்ளே முப்பத்தேழு போய்க்கொண்டிருந்தது. ஐயா எதுக்கு இங்க உக்காந்துக்கிட்டு, கொடுங்க என்று மயில்சாமி அவர் கையிலிருந்த அவருடைய சொந்தப் படிவத்தை உருவிக்கொண்டான். உள்ளே இருந்த பெண் அவனுக்குத் தெரிந்தவள் போலிருக்கிறது, கண்ணாடி வழியாகத் தலையாட்டினாள். வேண்டாம்ப்பா, என் முறை வரட்டும். இந்த வாக்கியம் முழுசாக, எழுவாய் பயனிலையோடு, அவர் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் முப்பத்தேழு முடியும்வரை லிப்சாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்துதான் எழுந்தார். முட்டி வலிக்கிறது என்று காட்டுவதற்காகத் தொடையில் கையை ஊன்றி எழுந்தார். முட்டி வலிக்கவே இல்லை.

உள்ளே ஏ.சி. இல்லை, மேசை விசிறி மட்டும். கட்டைவிரலை வைங்க சார், நல்லா அழுத்துங்க. சிவப்பு விளக்கு. இன்னொருக்கா. சிவப்பு. அந்தப் பெண் ஈரத்துணியால் அவர் விரலைத் துடைத்துவிட்டாள், குழந்தையின் விரலைத் துடைப்பது மாதிரி, மறுபடி வைத்து மேலிருந்து தன் விரலால் அழுத்தினாள். யாரோ ஒருவர் கட்டைவிரலை இப்படிப் பிடித்து அழுத்துவதைப் பார்த்திருக்கிறார். அப்பாவின் விரல். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி வெட்டி, நுனி பிளந்து காய்ந்த விரல். குமாஸ்தா அதை மசியில் தோய்த்து, காகிதத்தில் வைத்து, மேலே தன் விரலால் அழுத்தினான். கடற்கரை முகாம், தகரக் கொட்டகை, கப்பலில் வந்திறங்கிப் பதினோரு நாள். அவர்கள் குடும்பத்தின் பேர் மட்டும் பட்டியலில் வரவில்லை. பேர் வராவிட்டால் அரிசி கிடையாது. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான் அந்தக் குமாஸ்தா. வேறு விரலை வைங்க சார். ஆள்காட்டி விரல். சிவப்பு. பன்னிரண்டாம் நாள் அவன் கொட்டகை வாசலில் வந்து நின்று, பெரிய பொண்ணை நம்ம வீட்டு வேலைக்கு அனுப்புங்க, மதுரையில நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது, பையனுக்குத் திருப்பூர்ப் பக்கம் மிஷன் ஹாஸ்டல்ல இடம் வாங்கித் தர்றேன், கையோட கடிதம் தர்றேன் என்றான். பெரிய பொண்ணு செவனம்மா. பதினோரு வயசு. இவருக்கு ஒன்பது. அம்மா அடுப்படியிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா விரலை நீட்டினார். அக்காவை ஜீப்வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது யார்? தம்பிதான். நீ போய் ஏத்திவிட்டு வாடா என்றார் அப்பா. நல்லா அழுத்துங்க சார், அசைக்காதீங்க. அழுத்தித்தான் பிடித்திருந்தாள் அக்கா, விரலெல்லாம் வலித்தது, அவர்தான் உதறிவிட்டார். திரும்பி வந்தபோது கொட்டகையில் சோறு வெந்துகொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு. பதினோரு நாளைக்குப் பிறகு சோறு. சாப்பிட்டார். அதோடு விட்டாரா? தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று கேட்டார். அம்மா வைத்தாள். அந்த இரண்டாவது தடவை தட்டை நீட்டிய கைதான் இப்போது சிவப்பு விளக்கின்மேல் இருக்கிறது. ஹாஸ்டல், பள்ளிக்கூடம், சரித்திரத்தில் முதல் வகுப்பு, உத்தியோகம், பொன்னாடை, எல்லாம் அந்தக் கடிதத்தில் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து அப்பா மதுரைக்குப் போய் விசாரித்தார், வீடு பூட்டிக் கிடந்தது, குமாஸ்தாவை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அப்பா தேடினார், அதுவாவது உண்டு. இவர்? கோடை விடுமுறை முப்பத்து நாலு தடவை வந்து போயிற்று. ஒரு தடவை மதுரைக்கே போனார், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த, எட்டு நாள். எட்டு நாளும் விடுதிக்கும் மையத்துக்கும் நடுவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தலையை நிமிர்த்தினால் எதிரே வருகிற, வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற யாரோ ஒருத்தி அக்காவாக இருந்துவிடுவாளோ என்று பயம். பச்சை எரிஞ்சுருச்சு சார், கண்ணை இதுல காட்டுங்க, கருவிழி எடுக்கணும். கண் கலங்கியிருந்ததால் அதுவும் நாலு முறை ஆயிற்று.

வெளியே வந்தபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம். பையன் ஒருவன் கதவுக்குப் பாதி ஷட்டரை இழுத்திருந்தான். சர்வர் போயிருச்சு, இன்னிக்கு அவ்வளவுதான், நாளைக்கு வாங்க என்றாள் உள்ளேயிருந்த பெண். முப்பத்தெட்டாவது டோக்கன் லிப்சாவின் கையில் இருந்தது. அவளுடைய அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் படிவத்தை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை மூடினாள். இப்படித் திரும்பிப் போய்ப் பழகிய கை. இன்றைக்கு ஒரு ஷிப்ட் போயிற்று, நாளைக்கும் போகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போகும். மயில்சாமி எப்போதோ கிளம்பிப் போயிருந்தான். படிக்கட்டில் அவர்கள் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு இறங்கினார்.

கீழே பஸ் நிறுத்தத்தில் ஒரே ஒரு சிமென்ட் பெஞ்சு. அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்விடலாம். இரண்டு ஆட்டோ எதிரிலேயே நின்றது. கால் ஏனோ பெஞ்சுக்குப் போயிற்று. ஓரமாக உட்கார்ந்தார். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது, பஸ்ஸைக் காணோம். தொண்டையைச் செருமினார். மன்னிச்சுக்கம்மா என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல்வார்கள்? தமிழில் மட்டும் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா?

“சார்,” என்றாள் லிப்சா. “அந்த அண்ணன் சொன்னாங்கல்ல, ரோம்னு. அவங்க எதுக்குங்க சார் அங்க வந்தாங்க?”

இத்தனை வருஷ வகுப்பில் ஒரு பிள்ளைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எப்போது, எங்கே, யார் தலைமையில் என்றுதான் கேட்பார்கள்.

“அது பாடத்துல வராதும்மா,” என்றார்.

சொன்ன மறுகணமே உடம்பெல்லாம் கூசியது. மேடையில் விட்டார், சரி, அங்கே முந்நூறு பேர், பொன்னாடை, மைக். இங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு சின்னப்பெண், சீருடையில் மசிக்கறை, கேட்டது நியாயமான கேள்வி. அதற்கும் பொய்யா? அவள் சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பினாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்கிற அந்தத் தலையாட்டலை அவரால் தாங்க முடியவில்லை.

“பசிம்மா,” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “பசியும் பயமும். பின்னாடி குதிரைப்படை துரத்துச்சு, ஓடி வந்தாங்க. உள்ள விட்டாங்க, ஆனா சோறு போடல. நாயைப் பிடிச்சு வந்து வித்தாங்க. ஒரு நாய்க்கு ஒரு பிள்ளை. அப்பா அம்மாவே குடுத்தாங்க. எங்க வீட்டுலயும் குடுத்தாங்கம்மா. எங்கக்காவை. உன் வயசுதான். நாங்களும் கப்பல்ல வந்தவங்கதான், முகாம்ல கெடந்தோம். அவளைக் குடுத்துட்டு அரிசி வாங்கினோம். நான்தான் கூட்டிட்டுப் போயி விட்டேன். வந்து சாப்பிட்டேன்.”

மூச்சு வாங்கியது. மண்டபத்தில் முக்கால் மணி நேரம் பேசியும் வாங்காத மூச்சு. நெஞ்சு லேசாகும் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, ஆகவில்லை. லிப்சா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெரியவர் மகளிடம் என்ன இப்படிப் படபடவென்று பேசுகிறார் என்று அவள் அம்மா முன்னால் குனிந்து, தன் பாஷையில் கேட்டாள். லிப்சா சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொல்கிறாள், எதைச் சேர்க்கிறாள், எதை விடுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ‘குகுர’ என்று ஒரு சொல் காதில் விழுந்தது, நாயாக இருக்கும். அப்புறம் அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, என் வயசு என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். அப்புறம் இவரைக் கையால் காட்டினாள். அம்மாவின் முகம் இவர் பக்கம் திரும்பியது. முதல்முறையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள். அதில் இரக்கம் இருக்கிறதா என்று தேடினார், அப்படித் தேடியதற்கே வெட்கப்பட்டார்.

அவள் எழுந்தாள். மகளின் தோளைப் பிடித்து எழுப்பி, தன் அந்தப் பக்கத்துக்கு மாற்றி உட்கார வைத்தாள். பிறகு தானும் உட்கார்ந்தாள், அவருக்கும் மகளுக்கும் நடுவே, பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒரு கையை மகளின் மணிக்கட்டில் இறுக்கியபடி.  அன்றைக்கு அந்தக் கொட்டகை வாசலில் குமாஸ்தா வந்து நின்றபோது, அடுப்படியிலிருந்து ஒருத்தி எழுந்து இப்படி ஒரு தடவை இடம் மாறி உட்கார்ந்திருந்தால் போதும். இவ்வளவுதான் செய்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சின்னக் காரியம். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று நல்லமுத்து சார் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்துகொண்டார்.